பெயர் வேறு, இடம் வேறு

இணையத்தில் தமக்கென ஒரு தளம் அமைத்துக்கொள்ள விரும்பும் இளைஞர் ஒருவர் விற்பனையாளரை நாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்கு இரண்டு பொருள்களை ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். ஒன்று பெயர், மற்றொன்று இடம். பெயரை ‘டொமைன்’ என்றும், இடத்தை ‘ஹோஸ்டிங்’ என்றும் வணிகர் வழங்குவர். ஒரே கையிலிருந்து, ஒரே ரசீதில் வருவதால் இரண்டும் ஒரே பொருள் என்று வாங்குவோர் எண்ணிவிடுகின்றனர். இடம் கெட்டால் மறுநாளே வேறு இடம் பிடிக்கலாம். பெயர் கைநழுவிப் போனால், பத்தாண்டுக் காலம் உழைத்துத் தேடிய அறிமுகம் முழுவதும் அதனோடு போய்விடும். ஆதலின் இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் பழக்கம், தொழில் தொடங்கப்போகும் உங்களுக்கு வேண்டற்பாலது.

உங்களில் ஒருவர் வழக்கறிஞர் ஆகலாம். ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். ஒருவர் வீடுகட்டும் கலையைக் கற்று மதுரையிலோ திருச்சியிலோ அலுவலகம் திறக்கலாம். அன்று உங்கள் பெயர்ப்பலகையிலும், முகவரி அட்டையிலும், கடிதத்தாளின் தலைப்பிலும் ஓர் இணைய முகவரி அச்சாகும். அந்த முகவரியைக் கண்டு ஒருவர் தம் சேமிப்பை நம்பி ஒப்படைக்க வருவார். அவர் வந்து தட்டும்போது கதவு திறக்க வேண்டும்; திறப்பவரும் நீங்களாகவே இருக்க வேண்டும்.

பெயரும் இடமும் எவ்வாறு வேறாயின என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. கணிப்பொறிகள் ஒன்றையொன்று அறிவது எண்களால். மனிதர்க்கோ நீண்ட எண்கள் நினைவில் நில்லா. அமெரிக்க நாட்டில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் இயங்கிய காலத்தில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்று காட்டும் பட்டியல் ஒன்றே ஒன்று இருந்தது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஸ்டான்ஃபர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் பொறுப்பிலிருந்த அலுவலகம் அதனைப் பேணிவந்தது. புதிய பெயர் வேண்டுவோர் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிப்பர். அவர்கள் ஒரு வரி சேர்ப்பர். மற்றவர்கள் பட்டியலைப் படியெடுத்துக்கொள்வர். வலையில் கணிப்பொறிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு மூச்சுத் திணறியது. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைப் பலர் கையில் பங்கிட்டுவைக்கும் முறையை வகுத்தார். அந்த முறையே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் ஒரு பெயரைத் தட்டெழுதியவுடன், உங்கள் கணிப்பொறி முதலில் தலைமைக் கணிப்பொறிகளைக் கேட்கிறது. அவை ‘டாட் இன்’ பெயர்களை இன்னார் அறிவர் என்கின்றன. அவர்களைக் கேட்டால், அந்தப் பெயருக்கு உரியவரின் ஏட்டைப் பாருங்கள் என்கின்றனர். ஏட்டில் எண் கிடைக்கிறது. கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி ஏடு. அதில் எந்த எண்ணை எழுதுவது என்று தீர்மானிப்பவர் பெயரின் உரிமையாளர். இன்று மும்பையில் உள்ள கணிப்பொறியின் எண்ணை எழுதலாம். நாளை அதனை அடித்துவிட்டு, ஜெர்மனியில் உள்ள ஒன்றின் எண்ணை எழுதலாம். வருகிறவருக்கு இடம் மாறியதே தெரியாது. வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனாலும் வாசலில் எழுதிய முகவரி மாறாமல் இருக்கும் விந்தை, பெயர் உங்கள் கையில் இருக்கும்வரைதான் நடக்கும்.

‘பெயரை வாங்கினேன்’ என்று பலரும் சொல்வது வழக்கம். உண்மையில் பெயரை எவரும் வாங்குவதில்லை. ஆண்டு வாடகைக்கு எடுக்கிறோம். ‘டாட் காம்’ பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுகளுக்குமேல் எடுக்க முடியாது. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். ‘மறந்துவிட்டேன்’ என்ற விடையை அந்த ஏடு ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு 1999-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். அந்நிறுவனத்தின் ஹாட்மெயில் அஞ்சலுக்குள் நுழைவதற்குப் ‘பாஸ்போர்ட் டாட் காம்’ என்ற பெயர் வாயிலாக இருந்தது. அதன் தவணைப் பணத்தைச் செலுத்த மறந்துவிட்டார்கள். பலருக்கு அஞ்சல் திறக்கவில்லை. டென்னசி மாநிலத்தில் நிரல் எழுதும் ஒருவர் காரணத்தை ஆராய்ந்து கண்டுபிடித்து, விடுமுறை நாளில் தம் சொந்தக் கடன் அட்டையிலிருந்து 35 டாலர் கட்டினார், வாயில் திறந்தது. உலகப் பெருநிறுவனம் ஒன்றின் கதவு 35 டாலருக்காகப் பூட்டிக் கிடந்தது! அந்த நிறுவனத்துக்கு ஒரு நல்லவர் கிடைத்தார். எல்லோருக்கும் அத்தகையவர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. காலாவதியாகும் பெயர்களைக் காத்திருந்து பறித்து, பன்மடங்கு விலைக்கு உரியவரிடமே விற்பதைத் தொழிலாகக் கொண்டோர் பலர் உளர்.

பொதுப்பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் என்னும் அமைப்பு 1998-இல் தோன்றியது. அதன் விதிப்படி, தவணை முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவாளர் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். தவறவிட்ட ‘டாட் காம்’ பெயர் நீக்கப்பட்ட பின்னும், 30 நாள் அளவுக்கு அதனை மீட்க வழி உண்டு. ஆனால் மீட்புக் கட்டணம் கண்ணைக் கரிக்கச் செய்யும். அதன்பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

நினைவூட்டல் வருவது மின்னஞ்சலில். இங்கேதான் மாணவர்கள் இடறுகின்றனர். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத் தந்து பெயரைப் பதிவு செய்கிறார்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்த முகவரியை மூடிவிடுகிறது. ஈராண்டு கழித்து வரும் நினைவூட்டல் யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னும் சிலர், பதிவு செய்த பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி அமைத்து, அதனையே பதிவாளருக்கும் தருகிறார்கள். பெயர் நின்றால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகும். நெடுங்காலம் உங்களிடம் இருக்கக்கூடிய தனி மின்னஞ்சல் ஒன்றைத் தருக. பதிவு செய்தவுடன் அம்முகவரி மெய்யானதுதானா என்று கேட்டுக் கடிதம் வரும். பொதுப்பெயர்களைப் பொறுத்தவரை, அதற்கு 15 நாளில் விடையளிக்காவிட்டால் பெயரை முடக்கிவைக்கவும் விதி இடந்தருகிறது.

மின்னஞ்சலினும் பெரிய இடறல் ஒன்று உண்டு. தளத்தை அமைத்துத் தரும் தோழரோ நிறுவனமோ, ‘எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று அன்போடு சொல்லி, பெயரைத் தம் கணக்கில், தம் பெயரிலேயே பதிந்துவிடுவர். பெரும்பாலும் இதில் வஞ்சனை இல்லை, சோம்பல்தான். ஆயினும் விளைவு ஒன்றே. அவர் தொழிலை விட்டாலும், ஊரைவிட்டுப் போனாலும், உங்களோடு மனம் வேறுபட்டாலும், பதிவேட்டின்படி பெயருக்கு உரியவர் அவரே. பணம் கட்டியவர் நீங்கள் என்பதைப் பதிவேடு அறியாது. எனவே வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும், பெயரை மட்டும் நீங்களே, உங்கள் கணக்கில், உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். எண்ணை எழுதும் அளவுக்கு மட்டும் அவருக்கு இடங்கொடுத்தால் போதும்.

பெயரின் இறுதியில் வரும் ஈறு எது என்பது அடுத்த கேள்வி. ‘டாட் இன்’ நம் நாட்டுக்குரியது, 1989-இல் ஏற்பட்டது, 2005 முதல் நிக்ஸி என்னும் அமைப்பின் மேற்பார்வையில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ‘டாட் காம்’ உலகறிந்தது. ஆதலின் அதில் நல்ல பெயர்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. இவ்விரண்டில் எதை எடுத்தாலும் குறையில்லை. நாகரிகமாகத் தோன்றும் இரண்டெழுத்து ஈறுகளில்தான் எச்சரிக்கை வேண்டும். அவை பெரும்பாலும் ஏதேனும் ஒரு நாட்டுக்கோ தீவுக்கோ உரியவை; அந்த நாட்டின் விதியோடு உங்கள் பெயரின் விதியும் பிணைந்துவிடும். யூகோஸ்லாவியா என்ற நாடு மறைந்தது. அதன் ‘டாட் ஒய்.யு’ ஈறு 2010-இல் நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே வாழ்வோர் பலர் ‘டாட் ஈ.யு’ பெயர்களை இழந்தனர். கணிப்பொறித் துறையினர் பெரிதும் விரும்பும் ‘டாட் ஐ.ஓ’ இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிக்கு உரியது. அத்தீவுகளை மொரீஷியஸுக்கு அளிக்கும் உடன்படிக்கை 2025-இல் கையெழுத்தானது; அந்த ஈறு என்னவாகும் என்ற கேள்வியும் எழுந்தது. டோக்கெலாவ் தீவின் ‘டாட் டி.கே’ நெடுங்காலம் இலவசமாகவே கிடைத்தது. மாணவர்கள் ஓடி ஓடி எடுத்தனர். 2023-இல் அதனை வழங்கிவந்த நிறுவனம் புதிய பதிவுகளை நிறுத்தியது; மறு ஆண்டில் அத்தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

தமிழ் எழுத்திலேயே ஈறு உடைய பெயர்களும் உள்ளன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழில் ஈறு வழங்கப்பட்டிருக்கிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் தமிழ்ப் பெயரை மின்னஞ்சல் முகவரியாக ஏற்காத படிவங்கள் இன்றும் மிகுதி. விருப்பமுள்ளவர் அதனை இரண்டாம் பெயராக வைத்துக்கொள்வது நன்று.

தமிழர்க்கென்றே ஏற்பட்ட ஒரு தொல்லை உண்டு. நம் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை இல்லை. ‘பூங்குழலி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தின் ஊகாரத்துக்குச் சிலர் ‘ஓ’வை இருமுறை இடுவர், சிலர் ‘யு’ ஒன்றோடு நிறுத்துவர். இடையில் வரும் குகரத்துக்குச் சிலர் ‘ஜி’ எழுதுவர். சிலர் ‘கே’ எழுதுவர். ழகரத்துக்கு ‘இசட் எச்’ என்பார் ஒரு சாரார். ‘எல்’ போதும் என்பார் மற்றொரு சாரார். மூன்று இடங்களில் இரண்டிரண்டு வழிகள். ஆக எட்டு வடிவங்கள்! ஒருவர் உங்கள் பெயரை வாய்மொழியாகக் கேட்டு, வீட்டுக்குப் போய்த் தட்டெழுதினால், எட்டில் ஒன்றுதான் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். மற்ற ஏழும் வெறும் சுவரிலோ, வேறொருவர் வாசலிலோ கொண்டுபோய் விடும்.

எனவே பெயரைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வானொலியில் அறிவிப்பதுபோல் அதனை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்லாமலே, கேட்ட நால்வரும் ஒரே விதமாக எழுதினார்களா என்று பாருங்கள். எழுதினால் அதுவே நல்ல பெயர். எழுதவில்லையென்றால், உங்கள் பட்டச் சான்றிதழில் உள்ள எழுத்துக் கூட்டலை முதன்மையாகக் கொண்டு, மக்கள் மிகுதியாகத் தவறி எழுதும் மற்றொரு வடிவத்தையும் பதிந்து, அதுவும் முதற்பெயருக்கே வழிகாட்டுமாறு செய்துவிடலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடும், வீண்செலவன்று. விதிப்படி ஒரு பெயர் 63 எழுத்துவரை நீளலாம். அந்த உரிமையை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமென்பதில்லை. இடையில் சிறுகோடு இடுவதையும், எண்களைக் கலப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ‘நான்கு’ என்பது எண்ணா, எழுத்தா என்று கேட்பவர் திகைப்பர்.

பெயரோடு தொழிலையும் சேர்க்கலாமா? சேர்க்குமுன் அத்தொழிலின் சட்டத்தைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு பெற்றவரே நம் நாட்டில் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டு மாணவர் அச்சொல்லைத் தம் இணையப் பெயரில் சேர்த்துக்கொள்வது குற்றத்துக்கு இடமாகும். வழக்கறிஞர்க்கு விளம்பரம் கூடாதென்பது பழைய விதி. 2008-இல் இந்திய வழக்கறிஞர் குழுமம் அதனைச் சற்றுத் தளர்த்தி, பெயர், முகவரி, பதிவு விவரம், தகுதி, பணிபுரியும் துறை போன்றவற்றை மட்டும் தளத்தில் தர இசைந்தது. ‘வெற்றி நிச்சயம்’ என்ற வகையில் ஒரு பெயரைப் பதிந்துவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

இனி இடத்துக்கு வருவோம். பெயரைப் பற்றி இவ்வளவு பேசியவன் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசப்போகிறேன். ஏனெனில் தொழில்முறைத் தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய இடம் மிகச் சிறிது. பத்துப் பக்கம், ஐம்பது படம், ஒரு தொடர்பு முகவரி. இதற்காகத் தனிக் கணிப்பொறியை வாடகைக்கு எடுப்பது, ஒருவர் தங்குவதற்கு ஒரு சத்திரத்தையே பிடிப்பது போன்றது. பலரோடு பகிர்ந்துகொள்ளும் இடமே போதும். ‘அளவற்ற இடம், அளவற்ற வருகை’ என்ற விளம்பரம் கண்டால், ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைத் தேடிப் படியுங்கள். அளவு அங்கே இருக்கும். ‘முதலாண்டுச் சலுகை’ என்ற பெரிய எழுத்தைக் கண்டால், இரண்டாம் ஆண்டு விலை எங்கே இருக்கிறதென்று தேடுங்கள். ‘நூற்றுக்கு 99.9 நேரம் இயங்கும்’ என்ற உறுதிமொழியில், ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் இயங்காமல் இருக்கும் உரிமை அடங்கியிருக்கிறது. வெறும் 99 என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனி விலை கேட்பாராயின், 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அறநிறுவன முயற்சி அதனை இலவசமாகவே வழங்கிவருகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் சிறிது கவனிக்கத்தக்கதே. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் விரைகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரை நமக்கு 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறை போய்வருவதற்கே நொடியில் எட்டில் ஒரு பங்கேனும் வேண்டும்; ஒரு பக்கம் திறக்கப் பல முறை போய்வர வேண்டியிருக்கும். உங்களை நாடி வருவோர் நம் நாட்டினர் என்றால், மும்பையிலோ சென்னையிலோ உள்ள இடம் நலம்.

விலையையும் விரைவையும்விட முதன்மையானது, வெளியேறும் வழி. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டிஸ் என்னும் தளம், கேட்பவர்க்கெல்லாம் இலவச மனை கொடுத்தது. ஹாலிவுட், சிலிகான் பள்ளத்தாக்கு என்று பேட்டைகள் வகுத்து, பேட்டைதோறும் மனைக்கு எண் கொடுத்தார்கள். எண்ணற்றோர் குடியேறினர். 1999-இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. அன்பர் சிலர் இரவு பகலாக உழைத்துப் பக்கங்களிற் பலவற்றைப் படியெடுத்துக் காப்பாற்றினர். ஆனால் அங்கே குடியிருந்தவர்க்குச் சொந்தப் பெயர் இல்லை. பேட்டையின் முகவரியே அவர்களுடைய முகவரி. பேட்டை போனதும், அவர்களை நோக்கி உலகெங்கும் நீண்டிருந்த வழிகள் யாவும் அறுந்தன. எழுத்து பிழைத்தது, முகவரி பிழைக்கவில்லை.

முகவரி பிழைத்தும் எழுத்து அழிந்த கதையும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், நள்ளிரவு கடந்து, பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணிப்பொறி மாளிகையில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. நல்வினைப் பயனாக எவர்க்கும் காயமில்லை. தத்தம் தளங்களுக்குப் படி எடுத்துவைக்கவென்று தனிக் கட்டணம் செலுத்தியிருந்த வாடிக்கையாளர் சிலர், அந்தப் படியும் அதே இடத்தில் இருந்து எரிந்துபோனதைப் பின்னரே அறிந்தனர். 2023-இல் பிரான்சு நீதிமன்றம் ஒன்று இழப்பீடு தரச்சொல்லித் தீர்ப்பளித்தது. இழப்பீடு பணமாக வரும். எரிந்த பக்கம் வாராது. உங்கள் தளத்தின் படி ஒன்று, திங்களுக்கு ஒருமுறையேனும், உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்து சேரட்டும். இடத்துக்குப் பணம் கட்டுமுன், ‘என் பக்கங்கள் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு போக வழி உண்டா?’ என்று விற்பனையாளரைக் கேளுங்கள். நேரான விடை தருபவர் நல்ல வணிகர். பெயரின் பதிவாளரிடமும் இத்தகைய கேள்வி ஒன்று உண்டு: வேறு பதிவாளருக்கு மாறிக்கொள்ள வேண்டிய குறியீட்டைத் தயங்காமல் தருவாரா என்பது. பதிந்த முதல் 60 நாள் வரையில் பெரும்பாலும் மாற முடியாது. அதன்பின் தடை இருக்கலாகாது.

இவ்வளவையும் கேட்டு, இது பணம் படைத்தோர் காரியம் என்று மலைக்க வேண்டா. மாணவராயிருக்கும்போதே பெயரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு புத்தகத்தின் விலைதான் ஆகும். இடத்துக்கு உடனே பணம் செலவிட வேண்டுவதில்லை. கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்கள், எளிய பக்கங்களை உங்கள் சொந்தப் பெயரிலேயே காட்ட இசைகின்றன. அது பிறர் மனைதான். நாளை அதுவும் மூடப்படலாம். மூடினால் மூடட்டும், ஏட்டில் எண்ணை மாற்றி எழுதிவிட்டு நீங்கள் வேறிடம் போய்விடுவீர்கள். தொழில் வளர்ந்து, படங்கள் பெருகி, கட்டண இடத்துக்கு மாறும் நாளும் வரும். அன்று பக்கங்களைப் புதிய இடத்தில் முதலில் ஏற்றி, சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்தபின் எண்ணை மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கு அதே ஏட்டில் தனி வரி உண்டு; அதனை மறந்து அழித்துவிடாதீர்கள். எண்ணை மாற்றிய பின்னும், பழைய இடத்தை ஒரு வாரமேனும் மூடாமல் வைத்திருங்கள். பழைய எண்ணைக் குறித்துவைத்த கணிப்பொறிகள் சில, அதுவரை அங்கே போய்த்தான் உங்களைத் தேடும்.